மார்க் வாங்கிய வெப்சைட் இப்போது எங்கே இருக்கிறது?

உலகின் முதல் வெப்சைட் ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரின் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. 'இது ஒரு சர்வர். தயவுசெய்து அணைத்துவிடாதீர்கள்' என்கிற பொருளில், சிவப்பு மையில், கையால் எழுதியது. ஸ்விட்சர்லாந்தில் இருக்கும் செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ வைத்திருந்த கறுப்புப் பெட்டி அது. 1991 ஆகஸ்டில் அவர் தன் தளத்தைப் பற்றி வெளியுலகத்துக்குச் சொன்னார். ராத்திரி பெருக்க வருபவரோ, பொறுப்பான சக ஊழியரோ 'கரண்ட் வீணாகுதே' என்று ஸ்விட்சைத் தட்டியிருந்தால், அன்றைக்கு உலகத்தின் மொத்த இணையதளமும் குளோஸ்!

எனக்கு இந்தக் கதையில் பிடித்த விஷயம் கண்டுபிடிப்பு இல்லை, அந்த ஸ்டிக்கர்தான். ஒரு தளத்தை உருவாக்கியதும் அவருக்கு வந்த முதல் கவலையே, 'இதை யாராவது அணைத்துவிட்டால்?' என்பதுதான்.

டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பதால், செமஸ்டர் முடியும் நேரத்தில் ஜூனியர்களிடமிருந்து மெசேஜ் வரும். "அக்கா, ப்ராஜெக்ட்டுக்கு ஒரு வெப்சைட் பண்ணணும். எந்த டாபிக் எடுத்தா ஈஸியா முடியும்?" டாபிக்குக்கா பஞ்சம்? மயிலாப்பூரில் நான்கு மாட வீதி இருக்கிறது, தி.நகரில் ரங்கநாதன் தெரு இருக்கிறது, அடையாறில் ஆலமரம் இருக்கிறது. சொல்லிவிட்டு நானும் ஒரு கேள்வி கேட்பேன். "ப்ராஜெக்ட் முடிஞ்சதும் அதை யார் பாத்துப்பாங்க?" பெரும்பாலும் அதோடு சாட் நின்றுவிடும்.

அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. இன்றைக்குத் தளம் தொடங்குவது அவ்வளவு சுலபமாகிவிட்டது. ரெடிமேட் டெம்ப்ளேட்டை எடுத்து, போட்டோக்களை ஏற்றி, நாலு பத்தி எழுதினால் மதியச் சாப்பாட்டுக்குள் வேலை முடிந்துவிடும். டொமைனும் முதல் வருடம் சலுகை விலையில், இரண்டு பேர் சரவண பவனில் டிபன் சாப்பிடும் காசைவிடக் குறைவாகக் கிடைக்கும். வைவாவில் புரொஜெக்டரில் காட்டி, கைதட்டும் மார்க்கும் வாங்கிவிடலாம். அடுத்த வருடம் இந்தத் தளத்தை யார் கவனிப்பார்கள் என்று எந்த வைவாவிலும் யாரும் கேட்பதில்லை. கேட்டால் நன்றாக இருக்கும் என்பது என் தனிப்பட்ட ஆசை.

எங்கள் டிப்ளமோ ப்ராஜெக்ட்டும் ஒரு வெப்சைட்தான். எங்களுக்கு முந்தைய பேட்ச்கள் அச்சில் மாணவர் இதழ் கொண்டுவந்தார்கள். எங்கள் முறை வந்தபோது 'இணையதளமாகச் செய்யுங்கள்' என்றார்கள். டீமில் நாங்கள் நான்கு பேர். நவராத்திரி நெருங்கிய நேரம் என்பதால், மயிலாப்பூர் வடக்கு மாட வீதியின் கொலு பொம்மைக் கடைகளை எடுத்துக்கொண்டோம்.

அந்தத் தெரு தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். கபாலீஸ்வரர் கோயிலைச் சுற்றியுள்ள மாட வீதிகளில், வடக்கு வீதி நவராத்திரிக்குச் சில வாரங்கள் முன்பே நிறம் மாறிவிடும். நடைபாதை முழுக்க பொம்மைகள். காஞ்சிபுரத்திலிருந்து, பண்ருட்டியிலிருந்து, மதுரை பக்கத்து விளாச்சேரியிலிருந்து சரக்கு வந்து இறங்கும். தசாவதாரம், கல்யாண செட், மரப்பாச்சி, செட்டியார் பொம்மை, வைக்கோலுக்குள் உறங்கும் ஒற்றைப் பிள்ளையார். நவராத்திரி முடிந்ததும் அந்தக் கடைகள் இருந்த சுவடே இருக்காது. அங்கே நிரந்தரக் கடை வைத்திருப்பவர்களுக்குப் போர்டு இருக்கிறது, கூகுள் மேப்பில் புள்ளி இருக்கிறது. சீசனுக்கு மட்டும் தார்ப்பாய் விரிக்கிறவர்களுக்கு இரண்டும் கிடையாது. போன வருடம் வாங்கிய அதே கைவேலை வேண்டும் என்று ஒரு வாடிக்கையாளர் தேடினால், தெருவில் நடந்து முகத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்த இடைவெளியைத்தான் எங்கள் தளம் நிரப்பப் பார்த்தது.

மூன்று வாரத்தில் 26 கடைகளைப் பார்த்தோம். ஒவ்வொரு கடைக்கும் ஒரு பக்கம். யார், எந்த ஊர்ச் சரக்கு, களிமண்ணா காகிதக் கூழா, எத்தனை வருடமாக இந்த இடத்தில் உட்கார்கிறார்கள், சீசன் இல்லாத மாதங்களில் என்ன செய்கிறார்கள். கடைசிக் கேள்விக்குத்தான் நல்ல பதில்கள் வந்தன. ஒருவர் பிள்ளையார் சதுர்த்திக்குக் கொசப்பேட்டையில் இருப்பார், ஒருவர் கார்த்திகைக்கு அகல் விளக்கு விற்பார், ஒருவர் மிச்ச மாதமெல்லாம் ஷேர் ஆட்டோ ஓட்டுவார்.

போன் நம்பர் விஷயத்தில்தான் நிறையப் பேச வேண்டியிருந்தது. ஒரு பெரியம்மா, "நம்பரு வேணாம் பாப்பா. கடை எங்க இருக்குன்னு மட்டும் போடு. ராத்திரில எவனெவனோ கூப்புடுவான்" என்றார். பக்கத்துக் கடை அண்ணனோ, "ரெண்டு நம்பரும் போடும்மா, ஒண்ணு எடுக்கலன்னா இன்னொண்ணு" என்றார். 26 பேரில் 9 பேர் நம்பர் வேண்டாம் என்றார்கள். அந்த ஒன்பது பேரில் எட்டுப் பேர் பெண்கள். தளத்தில் நம்பர் போடுவது நமக்கு ஒரு வரிதான், அவர்களுக்கு அது வீட்டுக் கதவைத் திறந்து வைக்கிற மாதிரி என்பதை நான் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. அந்தப் பெரியம்மாதான் சொல்லிக் கொடுத்தார்.

ஒவ்வொரு கடைக்கும் ஒரு க்யூஆர் கோடு அச்சடித்து, ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்து கொடுத்தோம். அவர்கள் அதை ஜிபே அட்டைக்குப் பக்கத்திலேயே மாட்டிவிட்டார்கள். பணம் அனுப்ப ஸ்கேன் செய்தவர்களுக்கு எல்லாம் பொம்மை வரலாறு திறந்தது! "காசு போகல, கதை வருது" என்று ஒரு மாமா சத்தம் போட்டது இன்னும் காதில் இருக்கிறது.

சரி, ப்ராஜெக்ட் முடிந்தது. மார்க்கும் வந்தது. டீமில் ஒருவர் பெங்களூரு, ஒருவர் வங்கித் தேர்வு, ஒருவர் கல்யாணமாகி துபாய். ஒரு வருடம் கழித்து டொமைன் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. 'உங்கள் பெயர் காலாவதியாகப் போகிறது.' சலுகை விலை முடிந்திருந்தது. இப்போது கேட்ட தொகை முதல் வருடத்தைப் போலப் பல மடங்கு. பெரிய தொகை இல்லைதான். ஆனால், யார் கட்டுவது? எத்தனை வருடத்துக்கு?

மாணவர் தளங்களில் ஏராளமானவை நின்றுபோவது இந்த இடத்தில்தான். அதற்குள் அவரவர் வேலையில் எல்லோரும் மூழ்கியிருப்பார்கள்.

நின்றுபோகாத ஒன்றையும் சொல்ல வேண்டும். அதற்குச் சென்னைத் தொடர்பும் உண்டு. 1993-ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் சைமன் கிங் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் இருந்தார். கிரிக்கெட் பைத்தியம். அமெரிக்க டி.வி-யில் கிரிக்கெட்டுக்கு எங்கே போவது? இணைய அரட்டை அறையில் கேட்டால் ஸ்கோர் சொல்லும்படி ஒரு சின்ன புரோகிராம் எழுதினார். அதே ஏக்கத்தோடு பல நாட்டுப் பல்கலைக்கழகங்களில் உட்கார்ந்திருந்த மாணவர்கள் வந்து சேர்ந்தார்கள். யாரோ ரேடியோ கேட்டு டைப் செய்வார்கள், யாரோ பழைய ஸ்கோர் கார்டுகளை உட்கார்ந்து ஏற்றுவார்கள். யாருக்கும் சம்பளம் இல்லை. அதுதான் கிரிக்இன்ஃபோ.

அந்தக் கூட்டத்தில் ஒருவர், ஐ.ஐ.டி மெட்ராஸில் படித்துவிட்டு கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வில் இருந்த பத்ரி சேஷாத்ரி. ஆம், பின்னாளில் சென்னைக்குத் திரும்பி, 2004-ல் கிழக்கு பதிப்பகத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான அதே பத்ரி. இன்னொருவர், அப்போது அமெரிக்காவில் ஆராய்ச்சி மாணவராக இருந்த விஷால் மிஸ்ரா. இன்று கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர். மார்க்குக்காகச் செய்த ப்ராஜெக்ட் இல்லை அது. உண்மையில், மார்க் வாங்க வேண்டிய நேரத்தைத் தின்ற ப்ராஜெக்ட்!

கிரிக்இன்ஃபோ ஏன் பிழைத்தது? நான் யோசித்துப் பார்த்தவரை, அதை உருவாக்கியவர்கள் படிப்பை முடித்து வேறு வேலைக்குப் போன பிறகும், தினமும் காலையில் எழுந்து அதைப் பார்ப்பது யாரோ ஒருவரின் வேலையாக இருந்தது. முதலில் தன்னார்வலர்கள். பிறகு கம்பெனி. 2003-ல் விஸ்டன் கைக்குப் போனது, 2007-ல் ஈ.எஸ்.பி.என் கைக்கு. கை மாறினாலும் விளக்கு அணையவில்லை. இன்று மெரினாவில் சுண்டல் வாங்கிக்கொண்டே ஸ்கோர் பார்க்கும் பையனுக்கு, அது ஒரு காலத்தில் மாணவர்கள் தூக்கத்தைக் கெடுத்து டைப் செய்தது என்று தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

'பெரிய கம்பெனி கையில் கொடுத்துவிட்டால் பாதுகாப்பு' என்று நினைத்துவிட வேண்டாம். ஜியோசிட்டீஸ் என்று ஒன்று இருந்தது. உங்கள் வீட்டில் 40 வயதைத் தாண்டிய ஐ.டி மாமா, சித்தி யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள், கண் மின்னும். தொண்ணூறுகளின் இறுதியில், பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் காசு கொடுத்து உட்கார்ந்து, உலகமெங்கும் பலர் தங்கள் முதல் வெப்சைட்டை இலவசமாகக் கட்டிய இடம் அது. மின்னும் நட்சத்திரம், ஓடும் எழுத்து, 'நீங்கள் 47-வது பார்வையாளர்' என்கிற கவுன்ட்டர் எல்லாம் அங்கேதான். 1999-ல் யாஹூ அதை வாங்கியது. 2009 அக்டோபரில் மூடியது. கோடிக்கணக்கான பக்கங்கள். சில தன்னார்வலர்கள் கடைசி நேரத்தில் ஓடி ஓடி நகல் எடுத்ததால் கொஞ்சம் மிஞ்சியது.

தமிழில் தளம் அமைத்தவர்களுக்கு இதற்கு மேல் இன்னொரு தொல்லை இருந்தது. பக்கம் உயிரோடு இருக்கும், ஆனால் படிக்க முடியாது.

1995 அக்டோபரில் சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளைத் தாங்கிய ஒரு தளத்தை அன்றைய அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்தார். அதில் தமிழ் ஏறக் காரணம், சிங்கப்பூரின் எழுத்தாளரும் ஆசிரியருமான நா.கோவிந்தசாமி. 'கணியன்' என்ற பெயரில் தமிழுக்கான மென்பொருளை உருவாக்கியவர். தமிழ் இணையத்தின் தொடக்கப் புள்ளியாக அந்தத் தளத்தைத்தான் பலரும் சொல்கிறார்கள். ஆனால், அப்போது எல்லோருக்கும் பொதுவான குறியீட்டு முறை புழக்கத்துக்கு வந்திருக்கவில்லை. பின்னால் வந்த தளங்கள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு ஃபான்ட் வைத்துக்கொண்டன. பத்திரிகைகளும் அப்படித்தான். அந்தக் குறிப்பிட்ட ஃபான்ட்டை இறக்கி வைத்திருந்தால் 'அம்மா' என்று தெரியும், இல்லையென்றால் '§#Á¡' போல ஏதோ ஒன்று தெரியும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் இதைப் பற்றித்தான் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். தமிழ்99 விசைப்பலகை அந்த முயற்சியில் வந்ததுதான். டாம், டாப், டிஸ்கி என்று குறியீட்டு முறைகளின் பெயர்களைக் கேட்டால் இன்றைய ஜூனியர்கள் ஏதோ கார்ட்டூன் என்று நினைப்பார்கள். யூனிகோட் பரவிய பிறகுதான் இந்தத் தொல்லை தீர்ந்தது. தமிழக அரசு அதைத் தரமாக ஏற்று ஆணையிட்டது 2010-ல்.

இதில் மதுரைத் திட்டத்தை நான் எப்போதும் உதாரணமாகச் சொல்வேன். 1998 பொங்கலன்று, ஸ்விட்சர்லாந்தின் லொசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு.கல்யாணசுந்தரம் முன்னெடுத்துத் தொடங்கினார். தமிழ் இலக்கிய நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகத் தருவது. இவர் அதற்கு முன்பே ஒரு தமிழ் ஃபான்ட் உருவாக்கி இலவசமாகக் கொடுத்தார். அதன் பெயர் 'மயிலை'. எங்கள் மாட வீதிக்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். மதுரைத் திட்டத்தார் ஏற்றிய நூல்களை அப்படியே விட்டுவிடவில்லை. டிஸ்கியில் இருந்ததை யூனிகோடுக்கு மாற்றினார்கள். புதுசாக ஒரு வரிகூடச் சேராத, யாரும் கைதட்டாத வேலை அது. அதைச் செய்ததால்தான் இன்று பஸ்ஸில் போகும்போது போனில் சங்க இலக்கியம் திறக்கிறது. செய்யாத எத்தனையோ தளங்கள், சர்வரில் இருந்தும் கிறுக்கலாகக் கிடந்தன.

அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. 2013-ல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவிகிதம், பத்தே வருடத்தில் காணாமல் போய்விட்டன. பத்து வருடம் என்பது என்ன, ஒரு பிள்ளை முதல் வகுப்பில் சேர்ந்து பத்தாவது எழுதும் காலம். அந்தப் பிள்ளையின் முதல் வகுப்பு ஆண்டு விழா படங்கள் பள்ளியின் பழைய தளத்தில் இருந்தால், பத்தாவது முடிக்கும்போது அவை இருக்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

காணாமல் போவதிலும் மோசமான ஒன்று உண்டு. காலாவதியான டொமைன் பெயரை, அவகாசம் முடிந்த பிறகு யார் வேண்டுமானாலும் வாங்கலாம். பழைய பெயருக்குக் கொஞ்சம் மதிப்பு சேர்ந்திருக்கும், கூகுளுக்குத் தெரிந்திருக்கும். அதனால் வாங்கக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். வேலை நிமித்தம் பழைய லிங்க்குகளைத் தட்டிப் பார்க்கும்போது நான் அடிக்கடிப் பார்ப்பது இது. ஒரு மாணவர் விழாவின் முகவரி ரம்மி விளம்பரத்துக்குப் போகும். ஒரு நாடகக் குழுவின் முகவரி 'ஐந்து நிமிடத்தில் லோன்' என்று அழைக்கும். எங்கள் விஷயத்தில் நினைத்துப் பாருங்கள். நம்பர் வேண்டாம் என்ற அந்தப் பெரியம்மாவின் கடையில், லேமினேட் செய்த அட்டை தொங்குகிறது. அதை ஸ்கேன் செய்கிற குழந்தை எங்கே போய் நிற்கும்? இந்த ஒரு யோசனை போதுமானதாக இருந்தது. நான் கார்டை எடுத்துப் பணம் கட்டினேன்.

கட்டிய பிறகு டீமின் பழைய வாட்ஸ்அப் குரூப்பில் ரசீதைப் போட்டேன். துபாய்க்காரி அன்று இரவே தன் பங்கை அனுப்பினாள். இப்போது நான்கு பேரும் வருடத்துக்கு ஒருவராகக் கட்டுகிறோம், சீட்டு மாதிரி.

ஆக, ஜூனியர்களே, டாபிக் கேட்டால் சொல்கிறேன். கூடவே இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்தவர் பெயரும் முகமும் உங்கள் தளத்தில் இருக்கிறது என்றால், அதற்கு ஒரு முடிவுத் தேதியை ஆரம்பத்திலேயே பேசி வைப்பது நல்லது. 'ஐந்து வருடம் ஓட்டுவோம், பிறகு இன்னாரிடம் கொடுப்போம் அல்லது முறையாக மூடுவோம்' என்று. மூடுவது தப்பே இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் போவதுதான் சங்கடம். டேட்டாபேஸ், பிளக்-இன் என்று ஆடம்பரம் செய்த தளங்களுக்கு மாதாமாதம் அப்டேட் கேட்கும், வெறும் ஹெச்.டி.எம்.எல் பக்கங்கள் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். அச்சடிக்கப் போகும் க்யூஆர் கோடை ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள், அதைத் திரும்பப் பெற முடியாது. ஒவ்வொரு பக்கத்தின் கீழேயும், கடைசியாக எப்போது சரிபார்த்தோம் என்று தேதி போடுங்கள். மூன்று வருடம் பழைய நம்பரை நம்பி போன் செய்கிறவர் யாரையோ எழுப்பித் திட்டு வாங்குவார்.

நகலும் முக்கியம். 1996-ல் ப்ரூஸ்டர் கேல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவ், இணையப் பக்கங்களை நகலெடுத்துச் சேர்த்து வைக்கிறது. அதன் 'வேபேக் மெஷின்' பக்கத்தில் உங்கள் முகவரியை ஒட்டி, சேமிக்கும் பட்டனைத் தட்டினால் போதும். காசு கிடையாது. கடைப் பக்கங்களைச் சேமிக்க எங்களுக்கு ஒரு ஃபில்டர் காபி ஆறும் நேரம் ஆனது. ஒரு விஷயம் கவனம். அங்கே போனது சுலபத்தில் அழியாது. யாராவது தங்கள் படத்தை எடுத்துவிடச் சொன்னால் உங்கள் தளத்தில் உடனே எடுக்கலாம், அங்கே எடுக்க எழுதிக் கேட்க வேண்டியிருக்கும். அதனால், சேமிக்கும் முன்பு சம்பந்தப்பட்டவர்களிடம் இன்னொரு தடவை கேட்டோம். இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள், அவர்கள் பக்கத்தைத் தட்டவில்லை.

கல்லூரிகளிடமும் ஒரு வேண்டுகோள். மாணவர் இதழ் அச்சில் வந்த காலத்தில் நூலகத்தில் ஒரு பைண்டு வால்யூம் இருக்கும். தூசி படிந்திருந்தாலும் இருக்கும். வெப்சைட் ப்ராஜெக்ட்டுக்கு அப்படி ஒரு அலமாரியை எத்தனை கல்லூரி வைத்திருக்கிறது? ஒவ்வொரு பேட்ச்சின் கோப்புகளையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் வாங்கி வைக்க எத்தனை ரூபாய் ஆகிவிடும்? தளத்தின் பாஸ்வேர்டை அடுத்த பேட்ச்சிடம் ஒப்படைப்பதற்கு ஐந்து மார்க் வைத்தால், அந்த ஐந்து மார்க்குக்காகவே பாதித் தளங்கள் பிழைக்கும். மாணவர்களைப் பற்றி எனக்குத் தெரியாதா!

எங்கள் தளத்துக்கு இந்த வருடம் பணம் கட்டும் முறை பெங்களூருக்காரருடையது, கட்டிவிட்டார். தளத்துக்கு வருடம் முழுக்கக் கூட்டம் ஒன்றும் கிடையாது. நவராத்திரிக்கு முந்தைய மூன்று வாரம் மட்டும் திடீரென்று ஏறும். போன சீசனில் போரூரிலிருந்து ஒரு குடும்பம் போன் படத்தைக் காட்டிக்கொண்டே வந்து, அறுந்துபோன தசாவதார செட்டுக்கு ஒரு வாமனரை மட்டும் வாங்கிப் போனதாக அந்த அண்ணன் சொன்னார். "ஒத்தப் பொம்ம யாரு குடுப்பா? நான் குடுத்தேன். உன் போனு சமாச்சாரத்தப் பாத்துட்டுல்ல வந்தாங்க."

அவருடைய இரண்டு நம்பரில் ஒன்று இப்போது மாறிவிட்டது. நான்கு கடைகள் போன வருடம் வரவில்லை, இந்த வருடம் வருகிறார்களா என்று தெரியவில்லை. நம்பர் வேண்டாம் என்ற பெரியம்மாவின் இடத்தில் மருமகள் உட்காருகிறார், அவர் நம்பர் போடச் சொல்லி ஆள் விட்டிருக்கிறார். பொம்மை வந்து இறங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில், கூட்டம் ஏறும் முன்பு, பட்டியலோடு வடக்கு மாட வீதியில் ஒரு நடை போகிறோம். ஜூனியர்கள் இரண்டு பேர் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள். இன்னும் இரண்டு பேர் கிடைத்தால் ஒரே காலையில் முடித்துவிடலாம். வெயிலுக்கு முன் வர வேண்டும், அவ்வளவுதான்.